ஒரு பிரபுவுக்காக அழுத கதை

அந்த இங்கிலாந்துப் பிரபு செத்து முந்நூற்றெண்பது வருஷத்துக்கும் மேலே ஆகிவிட்டது. அவரைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன முகாந்திரம் என்று தோழர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். என்னிடமிருக்கும் பதில் சாதாரணமானது. நான் அந்த ஆளுக்காக அழுதிருக்கிறேன். எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தபோது பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குரல் தழுதழுக்க அந்தச் சாவைச் சொன்னார். சேரியிலிருந்து அந்த வகுப்புக்கு வந்திருந்தவன் நான் ஒருத்தன்தான். மற்றவர்கள் நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அதற்கு நாலு மாசம் முந்தித்தான் ஊரில் என் தாத்தா செத்திருந்தார். அவருக்கு நான் அழவில்லை. ஹாஸ்டலில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சேதி வந்து சேரவே மூணு நாள் ஆனது.

ஒரு பிரதி ஒருத்தனை எப்படி அழவைக்கிறது, யாருக்காக அழவைக்கிறது, யாரை அழுகைக்கு வெளியே நிறுத்துகிறது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

பெயர் லூசியஸ் கேரி. ஃபாக்லாந்து பிரபு என்று தேடினால்தான் வரலாற்றுப் புத்தகங்களில் கிடைப்பார். (1982-ல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் அடித்துக்கொண்ட தீவுகளின் பெயரும் இந்தக் குடும்பத்திலிருந்து போனதுதான். இவருடைய பேரனின் பட்டத்தை ஒரு கப்பல் தலைவன் 1690-ல் அங்கிருந்த நீரிணைக்கு வைத்தான்.) 1610 வாக்கில் ஆக்ஸ்போர்டுஷயரில் பர்ஃபோர்டு என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஹென்றி கேரி, 1622 முதல் 1629 வரை அயர்லாந்தை ஆண்ட அரசப் பிரதிநிதி. மகன் படித்தது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில். 1633-ல் அப்பா சாகப் பட்டம் மகனுக்கு வந்தது. அது ஸ்காட்லாந்துப் பட்டம் என்பதால் இங்கிலாந்துக் கீழவையில் உட்காரத் தடையில்லை. 1640-ல் நாடாளுமன்ற உறுப்பினர். 1642 ஜனவரியில் முதலாம் சார்லஸ் மன்னனின் அமைச்சர். 1643 செப்டம்பர் 20-ல் நியூபரி போர்க்களத்தில் பிணம். வயசு 33.

இவ்வளவுதான் வாழ்க்கை. சட்டம் என்று எதையும் இயற்றியவர் இல்லை. போரில் ஜெயித்தவரில்லை. எழுதியதும் கொஞ்சம். பிறகு ஏன் மூன்று நூற்றாண்டுகளாக ஒரு தேசம் இந்த ஆளை நினைத்து நெஞ்சைத் தடவிக்கொள்கிறது? காரணம் நண்பர் ஒருவர். எட்வர்டு ஹைட், பின்னாளில் கிளாரண்டன் பிரபு. 1646-ல் மன்னன் பக்கம் தோற்று, ஓடி ஒளிந்திருந்த சில்லி தீவுகளில் உட்கார்ந்து அந்தக் 'கலக'த்தின் வரலாற்றை எழுத ஆரம்பித்தார். நாடாளுமன்றம் நடத்திய போருக்கு அவர் வைத்த பேரே 'கலகம்'தான். அந்தப் புத்தகம் அச்சில் வந்தது 1702-க்கும் 1704-க்கும் இடையில். அப்போது அவருடைய சொந்தப் பேத்தி ஆன் இங்கிலாந்தின் ராணி. விற்ற காசில் ஒரு பங்கைப் போட்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தன் அச்சகத்துக்குக் கட்டடமே கட்டியது. இன்னும் அவர் பேரில்தான் நிற்கிறது. வரலாறு எழுதுவதற்கு அறிவு மட்டும் போதாது. யாருக்குப் பேத்தி ராணியாகிறாளோ அவர் எழுதியது நிற்கும்.

அந்த வரலாற்றின் நடுவில், நியூபரி போரைச் சொல்லி முடித்த கையோடு, கிளாரண்டன் கதையை நிறுத்திவிட்டு ஃபாக்லாந்துக்கு ஒரு நீண்ட இரங்கல் எழுதுகிறார். இவருடைய வேறொரு எழுத்தில் வரும் வர்ணனையையும் சேர்த்துப் படித்தால் உத்தி புரியும். முதலில் ஆளைக் கீழே இறக்குவார். குள்ளம். முகத்தில் களையில்லை. குரல் காதுக்கு ஒவ்வாது. பிறகு, அப்பேர்ப்பட்ட உடம்புக்குள் எப்பேர்ப்பட்ட மனசு என்று ஏற்றிக்கொண்டே போவார். உண்மை, படிப்பு, ஈகை, யாரிடமும் கோபிக்காத குணம். வாசகன் மயங்காமல் என்ன செய்வான்? அழகனைப் புகழ்ந்தால் சந்தேகப்படுவோம். அழகில்லாதவனை நேசிக்கச் சொன்னால் உடனே நம்பிவிடுவோம். வகுப்பில் நான் விழுந்த இடம் இதுதான். குட்டையான, குரல் சரியில்லாத பையன் ஒருத்தன் பெரிய சபையில் பேச எழுந்திருக்கிறான் என்றதும் அவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். என்ன மடத்தனம் பாருங்கள்.

கிரேட் டியூ என்ற கிராமத்தில் ஃபாக்லாந்துக்கு ஒரு பெரிய வீடு இருந்தது. 1630-களில் அங்கே ஆக்ஸ்போர்டு அறிஞர்களும் லண்டன் கவிஞர்களும் வந்து தங்கிப் படிப்பார்கள், விவாதிப்பார்கள். சில்லிங்வொர்த் மதச் சகிப்புக்கு ஆதரவான தன் பெரிய நூலை அங்கிருந்த நூலகத்தின் துணையோடு எழுதினார், 1638-ல் வெளிவந்தது. பல்கலைக்கழகமே கிராமத்துக்கு வந்துவிட்டது போல இருந்தது என்கிற அர்த்தத்தில் கிளாரண்டன் உருகுகிறார். வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள், யார் போனார்கள் என்பதுகூடப் பிரபுவுக்குத் தெரியாதாம். சாப்பாட்டு மேசையில் பார்த்தால்தான் தெரியுமாம். இதைப் படிக்கிறவர்கள் ஆஹா என்கிறார்கள். பிரபுவுக்குத் தெரியாமலிருக்கலாம். உலை வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். இன்றைக்கு எத்தனை தலை என்று தெரியாமல் அடுப்பு மூட்ட முடியாது.

இந்த வீடு வந்த வழியைச் சொல்ல வேண்டும். அம்மா வழித் தாத்தா லாரன்ஸ் டான்ஃபீல்டு, பெரிய நீதிபதி. பர்ஃபோர்டையும் கிரேட் டியூவையும் காசு கொடுத்து வாங்கி அதிகாரம் செய்தவர். இரண்டு ஊரிலும் சனங்கள் அவரை வெறுத்தார்கள். கிரேட் டியூவில் பொது நிலத்தை வேலி போட்டு வளைத்தார், மரங்களை எடுத்தார் என்று குடியானவர்கள் 1620-களில் மனுவே கொடுத்தார்கள். அந்த மனுவில் அவர் மனைவி பேசியதாக ஒரு பேச்சு பதிவாகியிருக்கிறது: இதுகளுக்குச் சலுகை காட்டுவதைவிட மாவாக அரைத்துப்போடுவதுதான் தகும் என்கிற பொருளில். பொது நிலம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். ஆடு மாடு மேய்கிற இடம், விறகு பொறுக்குகிற இடம், காணி இல்லாதவனுக்கு இருக்கிற ஒரே காணி. அதை வளைத்தால் கூலிக்காரன் ஆவதைத் தவிர வேறு வழி கிடையாது. 1625-ல் டான்ஃபீல்டு சாக, சொத்து பேரன் லூசியஸுக்கு வந்தது. வேலி போட்டது தாத்தா. அதற்காகப் பேரனைத் தூக்கில் போட வேண்டியதில்லை. ஆனால் சகிப்பைப் பற்றியும் நியாயத்தைப் பற்றியும் இங்கிலாந்தின் மிக நாகரிகமான உரையாடல் நடந்த அந்தக் கூடம் எந்த வேலிக்குள் இருந்தது என்று கிளாரண்டன் சொல்லவில்லை. அவருக்குப் பின் எழுதிய பெரும்பாலானவர்களும் சொல்லவில்லை. தோட்டத்தைப் புகழ்கிறவர்கள் வேலியைப் பார்ப்பதில்லை.

சொத்து பேரனுக்கு வந்ததில் இன்னொரு சங்கதி. நடுவில் ஒரு மகள் இருந்தாள் அல்லவா? எலிசபெத் கேரி, லூசியஸின் தாய். சொந்தமாக நாடகம் எழுதி அச்சில் கொண்டுவந்த முதல் ஆங்கிலப் பெண். ஏரோது மன்னனின் மனைவி மரியமைப் பற்றிய அந்த நாடகம் 1613-ல் வந்தது. புருஷனுடைய அயர்லாந்துச் செலவுக்குத் தன் சீதன உரிமையை விட்டுக்கொடுத்தாள் என்ற கோபத்தில் அப்பன் அவளைத் தாண்டிப் பேரனுக்கு எழுதிவைத்தான். 1626-ல் அவள் கத்தோலிக்கரானது வெளியே தெரிந்தபோது புருஷன் படியளப்பதையே நிறுத்தினான். யாருடைய செலவுக்காகச் சொத்தை இழந்தாளோ அவனே சோறு போடவில்லை. 1636-ல் தன் சின்னப் பிள்ளைகள் இருவரை, மூத்த மகன் லூசியஸின் பொறுப்பில் கிரேட் டியூவில் இருந்தவர்களை, ஆள் வைத்துக் கடத்திக் கடல் தாண்டி அனுப்பினாள். 1639-ல் செத்துப்போனாள். அந்த வட்டத்தில் எல்லாரையும்விடச் சுதந்திரமாக யோசித்தவள் இவள்தான் என்பது என் அபிப்பிராயம். கிளாரண்டனோ, ஆணுக்குரிய அறிவு இருந்தது, பெண்ணுக்குரிய பலவீனங்கள் கெடுத்துவிட்டன என்கிற மாதிரி ஒரு வாக்கியத்தில் அவளைக் கடந்து போகிறார். அறிவு என்றால் ஆணுடையது, தப்பு என்றால் பெண்ணுடையது. எந்த ஊர் ஆனாலும் இந்தக் கணக்கில் மட்டும் பிசகு வராது.

ஃபாக்லாந்தின் அரசியலுக்கு வருவோம். நம் இடதுசாரித் தோழர்கள் சிலர் இவரை ஒரே வார்த்தையில், 'நிலப்பிரபுத்துவப் பிற்போக்கு' என்று தள்ளிவிட்டுப் போவார்கள். அது சோம்பேறித்தனம். 1640-ல் நாடாளுமன்றம் கூடியபோது இவர் மன்னனுக்கு எதிர்ப்பக்கம். சபையின் சம்மதமில்லாமல் மன்னன் வசூலித்த கப்பல் வரியைத் தாக்கிப் பேசினார். அதற்குச் சட்டச் சாயம் பூசிய நீதிபதிகளைக் குற்றக்கூண்டில் ஏற்றத் துடித்தார். தன் அப்பாவுக்குப் பின் அயர்லாந்தை ஆண்ட ஸ்ட்ராஃபோர்டு பிரபுவுக்கு 1641-ல் மரண தண்டனை விதிக்கும் மசோதாவுக்கு ஓட்டுப் போட்டார். ஆயர்களின் அட்டகாசத்தைத் தோலுரித்தார். அமைச்சரான பிறகும் ஒற்றர்களை வைத்துக்கொள்ளவும், அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கவும் மறுத்தார் என்று கிளாரண்டன் சொல்கிறார். இப்போதிருக்கிற எந்த அரசாங்கத்தில் அப்படி ஒரு மந்திரி உண்டு, சொல்லுங்கள்.

ஆனால் ஆயர்களின் பதவியையே வேரோடு ஒழிப்போம் என்று தெருவிலிருந்து சத்தம் வந்ததும் மனுசன் நின்றுவிட்டார். மாற்றுவது அவசியம் என்று ஆகாத இடத்தில் மாற்றாதிருப்பதே அவசியம் என்ற கருத்தில் அவர் பேசியது இன்றுவரை பழமைவாதிகளின் பொன்மொழி. கேட்க அழகாக இருக்கிறது. 'அவசியம்' என்பதை எந்த உடம்பு தீர்மானிக்கிறது என்பதுதான் கேள்வி. கூரை ஒழுகுகிறவனுக்கு ஓடு மாற்றுவது அவசியம். மாடியில் இருப்பவனுக்கு மழைச் சத்தம் கேட்கக்கூட நன்றாயிருக்கும். 1641 நவம்பரில் மன்னனின் குற்றங்களைப் பட்டியலிட்ட பெரும் முறையீடு 11 ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. ஃபாக்லாந்து எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார். வெளியே வரும்போது குரோம்வெல் அவரிடம், இது தோற்றிருந்தால் நாளைக் காலையிலேயே இருப்பதை விற்றுவிட்டு நாட்டை விட்டே போயிருப்பேன் என்றாராம். ஒருத்தனுக்கு வாழ்வா சாவா என்றிருந்தது, மற்றவருக்கு அவசியமா இல்லையா என்ற விவாதமாக இருந்தது.

அடுத்த ஜனவரியில் மன்னனின் அமைச்சர். பதவியேற்ற சூட்டோடு, அவரைக் கேட்காமலேயே மன்னன் ஆயுதபாணிகளோடு சபைக்குள் நுழைந்து ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்கப் போனான். அப்போதாவது ராஜினாமா செய்திருக்கலாம். செய்யவில்லை.

1642 ஜூனில் நாடாளுமன்றம் அனுப்பிய பத்தொன்பது கோரிக்கைகளுக்கு மன்னன் பேரில் ஒரு பதில் போனது. எழுதியவர்கள் ஃபாக்லாந்தும் அவருடைய சகா கல்பெப்பரும். என்னைக் கேட்டால் ஃபாக்லாந்தைப் புரிந்துகொள்ள இரங்கலைவிட இந்த ஆவணத்தைத்தான் படிக்க வேண்டும். மன்னன், பிரபுக்கள், பொதுவர் என்ற மூன்றும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கிற சமநிலை ஆட்சி பற்றி அதில் நுட்பமான வாதம் இருக்கிறது. அரசியல் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் மதிக்கிறார்கள். வாதத்தின் கடைசியில் பயம் வெளியே வருகிறது. சமநிலை குலைந்தால் என்ன ஆகும்? சாதாரண சனங்கள் விழித்துக்கொள்வார்கள். இதெல்லாம் நம் முதுகில் நடந்தது என்று கண்டுபிடிப்பார்கள். சமத்துவத்தைச் சுதந்திரம் என்பார்கள். சொத்து, குலம், தகுதி என்ற வேறுபாடுகள் அழியும். எல்லாம் இருண்டு, எல்லாரும் சமமாகிப் போன ஒரு குழப்பத்தில் போய் முடியும். உன்னதமான மூதாதையரின் நீண்ட வரிசை ஒரு ஜாக் கேடிடமோ ஒரு வாட் டைலரிடமோ வந்து நிற்கும்.

வாட் டைலர் 1381-ல் குடியானவர் எழுச்சியை நடத்தியவர். ஜாக் கேடு 1450-ல். இரண்டு பேருமே கொல்லப்பட்டவர்கள். அவர்கள் செத்து இருநூறு வருஷம் ஆகியும் பிரபுக்களின் தூக்கத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். இருட்டையும் சமத்துவத்தையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்ல முடிகிறது பாருங்கள். அதை எழுதியவர் குரூரமான ஆள் இல்லை, நாடே புகழ்ந்த கருணைவான். எனக்கு உடனே குருக்ஷேத்திரம் ஞாபகத்துக்கு வந்தது. அங்கேயும் ஒரு மேட்டுக்குடி இளைஞன் உள்நாட்டுப் போரின் வாசலில் வில்லைப் போட்டுவிட்டுக் கலங்குகிறான். அவனுடைய கலக்கத்தின் அடியைத் தோண்டினால் குலநாசம், பெண்கள் கெட்டுப்போவது, வர்ணக் கலப்பு என்ற பயம்தான் கிடைக்கிறது. இரண்டு துக்கமும் பொய் என்று நான் சொல்லவில்லை. துக்கம் நிஜம்தான். அது எதை இழந்துவிடுவோம் என்பதற்கான துக்கம் என்று பார்க்கச் சொல்கிறேன்.

போர் தொடங்கியது. கிளாரண்டனின் சித்திரத்தில் இனி ஃபாக்லாந்து சிரிப்பதில்லை. முன்பு உடையில் அக்கறை கொண்டிருந்தவர் அதைக் கைவிட்டார். நண்பர்கள் நடுவே உட்கார்ந்திருப்பார், நீண்ட மௌனம், பெருமூச்சு, திடீரென்று சமாதானம், சமாதானம் என்று முனகுவார். வகுப்பில் பேராசிரியரின் குரல் உடைந்தது இங்கேதான். வகுப்பில் சொல்லப்படாத பகுதி ஒன்று உண்டு. 1643-ல் லண்டனை உள்ளிருந்தே கைப்பற்றிக் கொடுக்க மன்னன் தரப்பு ஒரு சதி செய்தது. லண்டனில் கவிஞர் எட்மண்ட் வாலர். ஆக்ஸ்போர்டில் அவரோடு தொடர்பில் இருந்தவர் சாட்சாத் நம் ஃபாக்லாந்து. சதி பிடிபட்டது. ஜூலையில் இருவரைத் தூக்கிலிட்டார்கள். ஒருவர் வாலரின் மைத்துனர் டாம்கின்ஸ். இன்னொருவர் சலோனர், துணி வியாபாரி. தலைவரான வாலரோ எல்லாரையும் காட்டிக்கொடுத்துவிட்டு, 10,000 பவுண்டு அபராதம் கட்டி, வெளிநாடு போய், பிறகு திரும்பி வந்து எண்பது வயசு வரை கவிதை எழுதினார். சமாதானம் என்று முனகிக்கொண்டே சதிக்கு வழிவிட முடிந்திருக்கிறது. துணிக்கடைக்காரர்தான் அந்தச் சமாதானத்துக்குக் கயிறு ஏறினார்.

இனி நியூபரி. 1643 செப்டம்பர் 20. குளோஸ்டரை முற்றுகையிலிருந்து மீட்டுவிட்டு லண்டன் திரும்பிய எஸ்ஸெக்ஸ் பிரபுவின் படையை மன்னன் படை மறித்தது. அமைச்சருக்குச் சண்டைபோடுகிற வேலை கிடையாது. காலையில் ஃபாக்லாந்து சுத்தமான சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாராம்; செத்தால் அழுக்கு உடுப்பில் பிணம் கிடக்கக் கூடாது. ஜான் பைரனின் குதிரைப் படையில் தொண்டராகச் சேர்ந்துகொண்டார். வழியில் ஒரு வேலி. ஆமாம், மறுபடியும் வேலி. அதில் ஒரு குதிரை மட்டும் நுழைகிற இடைவெளி. எதிரியின் துப்பாக்கிகள் அதையே குறிபார்த்திருந்தன. இடைவெளியை அகலப்படுத்தச் சொல்லி பைரன் உத்தரவு கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ஃபாக்லாந்து குதிரையைத் தட்டிவிட்டு உள்ளே பாய்ந்தார். குதிரையும் ஆளும் அங்கேயே விழுந்தார்கள்.

தேசத்தின் துயரம் தாங்காமல் சாவைத் தேடிப் போனார் என்பது கிளாரண்டனைப் படித்தவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். ஜான் ஆப்ரே என்று ஒரு வம்புக்காரர் இருந்தார். பெரிய மனிதர்களின் வாழ்க்கைகளைத் துண்டு துண்டாகக் குறித்துவைத்தவர். அவர் சொல்வது வேறு: ஆசைநாயகி ஒருத்தி செத்த ஏக்கம். எது சரி என்று அறிஞர்கள் சண்டை போடட்டும். எனக்கு ஆப்ரேயின் குறிப்பில் இன்னொரு வரிதான் முக்கியம். உடலை உரித்துப் போட்டிருந்தார்கள். மிதிபட்டுச் சிதைந்து அடையாளம் தெரியாமல் கிடந்தது. அறையில் அவருக்குப் பணிவிடை செய்துவந்த ஓர் ஆள் கழுத்திலிருந்த மச்சத்தைப் பார்த்து, இவர்தான் என்று சொன்னார்.

நண்பர்களுக்கு அவர் மனசு தெரியும், படிப்பு தெரியும். மச்சம் தெரிந்தது வேலைக்காரருக்குத்தான். தினமும் குளிக்கத் தண்ணி வைத்து, சட்டை மாட்டிவிட்டு, அந்தக் காலையில் வெளுத்த சட்டையை எடுத்து நீட்டியதும் அவர் கையாக இருந்திருக்கலாம். பிணங்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துப் போனவரின் பெயர் அந்தக் குறிப்பில் இல்லை.

என் தாத்தாவின் வேலை இழவு சொல்வது. பண்ணை வீடுகளில் சாவு விழுந்தால் கோலை ஊன்றிக்கொண்டு பத்து ஊர், பன்னிரண்டு ஊர் நடந்து சொல்லிவிட்டு வருவார். சம்பந்தி வீடு எது, பங்காளி வீடு எது, யாரிடம் முதலில் சொல்ல வேண்டும், வாசலில் எவ்வளவு தூரத்தில் நின்று சொல்ல வேண்டும், எல்லாம் அத்துப்படி. மேலத்தெருவின் மூணு தலைமுறைச் சாவும் அவர் மண்டையில் இருந்தது. அவர் செத்த சேதியைத்தான் சொன்னேனே, எனக்கே மூணு நாள் கழித்து வந்தது. ஆப்ரேயின் அந்த வரியைப் படித்த ராத்திரிதான் தாத்தாவுக்கு அழுதேன். பிந்திப்போன அழுகை.

மறுபடி கிளாரண்டனுக்கு வருகிறேன். அந்த ஒரே ஒரு உயிர்ப்பலி போதும், இந்தப் போர் எல்லாத் தலைமுறைக்கும் சபிக்கப்பட்டதாக ஆவதற்கு என்ற கருத்தில் எழுதுகிறார். அதே நியூபரி பற்றி அவர் போடும் கணக்கும் இருக்கிறது. எதிர்ப்பக்கம் பேர் தெரியாத, கேள்விப்படாத ஏதோ ஓர் அதிகாரி காணாமல் போவான், நகரத்துக்காரி ஒருத்தி புருஷனுக்காகப் புலம்புவாள். நம் பக்கமோ மதிப்பும் பெயரும் உள்ளவர்களாகச் சாகிறார்கள், என்ன அநியாயமான விதி என்கிறார். நான் சொந்தச் சொல்லில் சாரத்தைத்தான் தருகிறேன். மூலத்தில் தொனி இன்னும் மோசம். அன்றைக்கு இரண்டு பக்கமும் சேர்த்துச் செத்தவர்கள் ஏறக்குறைய 3,500 பேர் என்பது பொதுவான கணிப்பு. எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களில் லண்டனின் கைவினைத் தொழிலாளிகளும் பட்டறைப் பயிற்சிப் பையன்களும் நிறைய. இளவரசன் ரூபர்ட்டின் குதிரைப் படை மேலே மேலே வந்து மோத, ஈட்டியை ஊன்றிக்கொண்டு நகராமல் நின்ற பையன்கள். அந்த 1643-ம் வருஷம்தான் கட்டாய ஆள்பிடிப்பும் தொடங்கியது. சொத்துள்ளவனுக்கு விலக்கு இருந்தது. அந்தப் போர்களில் இங்கிலாந்தில் மட்டும் 80,000-க்கு மேல் சண்டையில் செத்தார்கள், நோயில் செத்தவர்கள் அதைவிட அதிகம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அன்றைய மொத்த மக்கள்தொகை சுமார் 50 லட்சம்.

கிளாரண்டனின் நகரத்துக்காரியை என்னால் மறக்க முடியவில்லை. அவரையும் அறியாமல் அவளை உள்ளே விட்டுவிட்டார். ஒரு வரிதான், அதுவும் ஏளனமாக. ஆனாலும் அவள் அங்கே நின்று அழுகிறாள். பெயரும் இல்லை, புருஷன் பெயரும் இல்லை. அந்த மாபெரும் இரங்கலில் எனக்கு உண்மையாகப் படும் அழுகை அவளுடையதுதான்.

1877-ல் மேத்யூ ஆர்னால்டு ஃபாக்லாந்து பற்றி ஒரு கட்டுரை எழுதினார். என் பேராசிரியருக்கு வேதம் அதுதான். நியூபரியில் நினைவுத்தூண் எழுப்பும் ஏற்பாடு நடந்த சமயம். மறுவருஷம் எழுப்பியும் விட்டார்கள். மன்னன் படையில் விழுந்தவர்களுக்கு, குறிப்பாக ஃபாக்லாந்துக்கு என்று பொறித்திருக்கிறது. ஈட்டி ஊன்றி நின்ற பையன்கள் அந்தக் கல்லில் கிடையாது. ஆர்னால்டின் வாதம் என்னவென்றால், இரண்டு பக்கத்திலும் உண்மை முழுதாக இல்லை. அதைத் தெளிவாகக் கண்டு, எந்தப் பக்கமும் முழுசாகச் சேர முடியாமல் தவித்த தெளிவின் தியாகி ஃபாக்லாந்து. நம்மூர் இலக்கியவாதிகளுக்கு இந்த வாதம் தேனாக இனிக்கும். பக்கம் சேராத கலைஞன், தனித்த ஆன்மா! ஆனால் ஃபாக்லாந்து பக்கம் சேர்ந்தார் ஐயா. மன்னனின் முத்திரையைக் கையில் வைத்திருந்தார். மன்னனின் குதிரைப் படையில் செத்தார். பக்கம் சேர்ந்துவிட்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டதற்குப் பேர் நடுநிலையா?

இரண்டு பக்கம்தான் என்பதையும் யார் சொன்னது? மூன்றாவது பக்கம் ஒன்று இருந்தது. 1647 அக்டோபர், நவம்பரில் லண்டனுக்குப் பக்கத்தில் புட்னி தேவாலயத்தில் நாடாளுமன்றப் படையின் தளபதிகளும் சிப்பாய்களின் பிரதிநிதிகளும் உட்கார்ந்து வாதாடினார்கள். இங்கிலாந்தில் இருக்கிற கடைசி ஏழைக்கும் பெரிய ஆளைப் போலவே வாழ ஓர் உயிர் இருக்கிறது, தான் சம்மதிக்காத அரசாங்கத்துக்கு அவன் கட்டுப்பட வேண்டியதில்லை என்று ரெயின்ஸ்பரோ பேசியது அங்கேதான். சொத்தில்லாதவனுக்கு ஓட்டா என்று குரோம்வெல்லின் மருமகன் அயர்ட்டன் மறித்ததும் அங்கேதான். வில்லியம் கிளார்க் என்ற செயலர் சுருக்கெழுத்தில் எடுத்த அந்தப் பேச்சுகளின் படி ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது. வெளியே எடுத்து அச்சிட்டது 1891-ல். ஆர்னால்டு 1888-லேயே காலமாகிவிட்டார். அவர் ஆக்ஸ்போர்டில் படித்தவர், அங்கேயே கவிதைப் பேராசிரியராக இருந்தவர். தெளிவைப் பற்றி அவர் யோசித்துக்கொண்டு நடந்த தெருக்களுக்குப் பக்கத்தில், பூட்டிய அலமாரியில் சிப்பாய்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மேல் இதற்காகப் பழிபோட முடியாது. ஆனால் அந்த ஏட்டைப் படித்த பிறகும் அவருடைய கட்டுரையை மட்டும் வகுப்பெடுக்கிறவர்கள் மேல் போடலாம்.

பர்ஃபோர்டு தேவாலயம் ஒன்று பாக்கியிருக்கிறது. ஃபாக்லாந்து பிறந்த ஊர். டான்ஃபீல்டு தம்பதியின் கல்லறை அங்கே பெரிய மண்டபம் மாதிரி, தூண்கள் வைத்து, வண்ணம் பூசி நிற்கிறது. இரண்டு பேரும் சலவைக்கல்லில் படுத்திருக்கிறார்கள். சொத்தை இழந்த மகளும் சொத்தைப் பெற்ற பேரனும் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறார்கள். அந்தப் பேரன் சிலைதான் நம் லூசியஸ். ஃபாக்லாந்தின் உடலைக் கிரேட் டியூவுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். எந்த இடம் என்பதற்கு அடையாளம் வைக்கவில்லை.

1649 மே மாசம் இதே தேவாலயத்துக்குள் ஏறக்குறைய 340 சிப்பாய்களை அடைத்தார்கள். லெவெலர்கள், எல்லாரும் சமம் என்றவர்கள். அடைத்தது மன்னன் இல்லை. மன்னன் தலையைத்தான் அந்த ஜனவரியிலேயே வெட்டியாகிவிட்டதே. அடைத்தது குரோம்வெல். பாக்கிச் சம்பளம் கேட்டார்கள், புட்னியில் கேட்ட உரிமையைக் கேட்டார்கள், அயர்லாந்துக்குப் போய் ஆட்களைக் கொல்ல மாட்டோம் என்றும் அவர்களில் பலர் சொன்னார்கள். பிரபுவும் பிரபுவை எதிர்த்தவனும் சண்டை போட்ட நாட்டில், ஏழு வருஷம் முந்தி ஃபாக்லாந்து எழுதிய அந்தப் பயத்தை வந்து தீர்த்துவைத்தது எதிர்ப்பக்கத்துத் தளபதி. மே 17 காலையில் மூன்று பேரைத் தேவாலயச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். கார்னெட் தாம்சன், கார்ப்பரல் பெர்கின்ஸ், சாதாரணச் சிப்பாய் சர்ச். மற்றவர்களைக் கூரை மேல் ஏற்றிப் பார்க்கவைத்தார்கள்.

உள்ளே அடைபட்டிருந்தவர்களில் ஆன்டனி செட்லி என்றொருவர். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற தொட்டியின் ஈயத்தில் தன் பெயரையும் வருஷத்தையும் கைதி என்ற சொல்லையும் கீறிவைத்தார். சொல்லில் ஓர் உயிரெழுத்து விட்டுப்போயிருக்கிறது. போட்டோவில் பார்த்தேன், எழுத்துகள் ஆழமாக இருக்கின்றன. அதே கூரையின் கீழே கல் பையன் இன்னும் மண்டியிட்டிருக்கிறான்.